கடித்து வைத்த எட்டு ஓகாகி

"அங்கிள், இந்தக் கோப்பில உங்கட பேரில ஒரு தாள் கிடக்கு. ஆனா செய்முறை இல்லை."

போன மாதம் தொலைபேசியில் இப்படிக் கேட்டவள், நான் இருபது வருடம் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறையை இப்போது நடத்துகிறவள். டென்மார்க்கில், இக்காஸ்ட் என்கிற இந்தச் சின்ன நகரத்தில் பிறந்து வளர்ந்த நம்முடைய பிள்ளை. கேட்டது டேனிஷில். 'அங்கிள்' என்ற ஒரு சொல்லைத்தான் தமிழுக்காக வைத்திருக்கிறாள், அதுவும் தமிழ் இல்லை. அந்தத் தாளில் 'ஓகாகி, நாதன்' என்று தலைப்பு இருக்கிறதாம். கீழே வெப்பநிலை ஆறு பாகை என்றும் ஒரு கையொப்பமும் இருக்கிறதாம். வேறு ஒன்றும் இல்லையாம். அது என்ன சாப்பாடு, எப்படிச் செய்வது என்று எழுதித் தரட்டாம்.

ஓகாகி என்பது யப்பான்காரரின் இனிப்பு. ஒட்டுகிற அரிசிச் சோற்றை உருட்டி, இனிப்பாகக் காய்ச்சி மசித்த சிவப்புப் பயற்றை அதன் மேல் போர்த்துவது. செய்முறை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த அரைப் பக்கத்துக்காக நான் ஐந்து கிழமை இரண்டு பெண்களுக்குப் பொய் சொன்னேன். இரண்டு பேரிடமும் ஒரே நாளில் அகப்பட்டேன். அதை விட்டுவிட்டுச் செய்முறையை மட்டும் எழுதினால் என் மனுசி தவமணி சிரிப்பாள். ஆகவே பிள்ளை, பொறுமையாய் வாசி. டேனிஷில் நடந்த கதைகளையும் நம்முடைய பேச்சிலேயே எழுதுகிறேன்.

நான் சமையலுக்கு வந்தது விரும்பி அல்ல. இக்காஸ்டில் துணிக்குச் சாயம் போடுகிற ஆலையில் பன்னிரண்டு வருடம் நின்றேன். ஒரு நாள் ஆலை போலந்துப் பக்கம் போய்விட்டது, நாங்கள் இக்காஸ்டிலேயே நின்றுவிட்டோம். கொமூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் இருந்த பெண் "வேற என்ன தெரியும்?" என்று கேட்டாள். "சமைப்பன்" என்றேன். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்தது தேத்தண்ணியும் முட்டைப் பொரியலும். பதினாலு பெண்களும் நானுமாக ஒரு வகுப்பில் படித்தோம், பாஸ் பண்ணினேன். படிப்பைப் பற்றி இவ்வளவும் போதும்.

உண்மையான படிப்பு பிர்கிட்டிடம்தான். முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் பொறுப்பான பிர்கிட் ஆறடி உயரம். காலில் மரச் செருப்பு, நெஞ்சுப் பையில் தெர்மாமீட்டர். வாழ்க்கையில் ஒருநாளும் சத்தம் போட்டவர் இல்லை. பிழை விட்டால் பக்கத்தில் வந்து நின்று "நோ" என்பார். அது இங்கிலீஷ் 'நோ' இல்லை, டேனிஷ்காரர் எல்லாவற்றுக்கும் சொல்கிற ஒரு முனகல். அதைக் கேட்டதும் நாங்கள் செய்த பிழை, செய்யப்போகிற பிழை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவோம்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'ஷெலே' சாப்பாடு. மென்று விழுங்க முடியாதவர்களுக்கானது அது. கரட், மீன், கோழி எல்லாவற்றையும் தனித்தனியே அவித்து, பசையாக அரைத்து, அரிதட்டில் தேய்த்து, ஜெலற்றின் சேர்த்து அச்சில் ஊற்றி உறைய வைக்க வேண்டும். கரட் மறுபடி கரட் மாதிரியே வரும், கோழி கோழிக்கால் மாதிரியே வரும். தட்டை ஆட்டினால் நடுங்க வேண்டும், ஆனால் சரியக் கூடாது. நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் பல்லின் உதவி இல்லாமல் நசிய வேண்டும்.

முதல் நாள் என்னை இருத்தி, ஒரு முழு மத்தியானச் சாப்பாட்டை அப்படிச் சாப்பிட வைத்தார். எதிரே கதிரையில் இருந்து என் தாடையையே பார்த்தார். நான் கள்ளமாய் ஒரு கரட்டைக் கடித்தேன்.

"பல்லு வேலை செய்தது" என்றார். இன்னொரு தட்டு வந்தது.

அவரிடம் இரண்டே இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, "தெர்மாமீட்டர் என்ன சொல்லுது?" மற்றது, "ருசி பாத்தாச்சோ?" ருசி பார்க்கிறதுக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். ஒரு கரண்டியால் சட்டியிலிருந்து எடுத்து, மற்றக் கரண்டியில் ஊற்றி, அதைத்தான் வாயில் வைக்க வேண்டும். ருசி பார்க்காத ஒரு கிண்ணம்கூட அந்தச் சமையலறை வாசலைத் தாண்டியதில்லை. எனக்கு அது பழக ஒரு வருடம் எடுத்தது. எங்கள் வீட்டில் சாமிக்கோ செத்தவர்களுக்கோ வைக்கிற சாப்பாட்டை, வைக்கும்வரைக்கும் நாக்கில் படவிடமாட்டோம். உப்புப் பார்ப்பதுகூடக் கிடையாது. வேலையில் ருசி பார்த்துப் பார்த்து என் இடுப்புப் பட்டி இரண்டு ஓட்டை தள்ளிப் போனது, வீட்டில் படையலென்றால் வாயை மூடிக்கொண்டு சமைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் பத்து வருடம் ஓடியது.

மோதியது சச்சிக்கோ வந்த பிறகு. வன்னியில் சண்டை முடிந்த வருடம் அது. கப்பலில் என்ஜின் பார்த்த ஒரு டேனிஷ்காரரைக் கட்டி நாற்பது வருடத்துக்கு முன்னே இங்கே வந்த யப்பான் மனுசி அவர். புருஷன் செத்துவிட்டார், பிள்ளை இல்லை. பாரிசவாதம் வந்து வலது கையையும் தொண்டையையும் கொண்டுபோய்விட்டது. வாய் மட்டும் முந்தி மாதிரியே இருந்தது. என்னை முதல் நாள் கண்டதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த ஜெலிக் கோழியை நீயோ செய்தனி? கோழி இதுக்காகவோ செத்தது?" என்று கேட்டார்.

ஓகஸ்ட் மாதம் சச்சிக்கோ சாப்பாட்டை நிறுத்தினார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கரண்டி வந்தால் வாயை மூடிக்கொள்வார். கொஞ்சம் தடிப்பாக்கிய பால் மட்டும் குடிப்பார். திங்கட்கிழமைகளில் நிறுப்பார்கள். நாற்பத்துநாலு கிலோ இருந்தவர் நாற்பத்திரண்டரை ஆனார். தாதிமார் கெஞ்சினார்கள், வைத்தியர் வந்து குழாய் போடுவதைப் பற்றிக் கதைத்தார். தட்டுகள் தொடப்படாமல் திரும்பி வந்தால் பிர்கிட் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்ப்பார். அவருடைய ஷெலேயை மறுத்த முதல் ஆள் சச்சிக்கோதான்.

ஒரு நாள் தட்டு எடுக்கப் போன என்னிடம்தான் மனுசி வாயைத் திறந்தார்.

"இரவும் பகலும் சமமாய் வாற நாள் வருது. வருசத்தில இரண்டு தரம். அண்டைக்கு என்ர செத்த ஆக்களுக்கு ஓகாகி வைக்க வேணும். மாசியில ஆஸ்பத்திரியில படுத்தன், அதுக்குப் பிறகு வந்த நாளுக்கு வைக்கேல்லை. அவை பசியோட இருக்கினம், நான் கோழி தின்னுறதோ? அவை சாப்பிட்டாப் பிறகு சாப்பிடுறன்."

"சமையலறையில சொல்லுறன்" என்றேன்.

"சொல்லாதை. சொன்னா அந்த நெட்டை மனுசி சோத்தை ஜெலியாக்கிப் போடும்."

அதில் நியாயம் இருந்தது. பிர்கிட்டின் சுவரில் விழுங்க முடியாதவர்களுக்குத் தடையான சாப்பாடுகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. முதலாவதே சோறு, சிவப்புக் கோட்டோடு. அதுவும் ஒட்டுகிற சோறு என்றால் சொல்லவே தேவையில்லை, தொண்டையில் அடைத்தால் ஆளே முடிந்தது. நான் சச்சிக்கோவிடம் சத்தியம் வாங்கினேன். படத்துக்கு முன்னால் வைப்பார், தொடமாட்டார், நான் திருப்பி எடுத்துக்கொண்டு போவேன், அதன் பிறகு ஷெலேயைச் சாப்பிடுவார். மனுசி தலையை ஆட்டினார். அப்போது அவருடைய எடை நாற்பத்திரண்டு.

ஆகவே வீட்டில்தான் செய்ய வேண்டும். வீட்டில் தவமணி இருந்தாள்.

தவமணியின் தம்பி யோகன் வன்னிக்குள் நின்றவன். சித்திரையில் ஒரு தரம் போன் எடுத்தான், "அக்கா, பிறகு எடுக்கிறன்" என்றான், அவ்வளவுதான். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று உலகம் சொன்னது. முகாம்களின் பட்டியல்கள் வந்தன, தெரிந்தவர்களின் பெயர்கள் வந்தன, அவன் பெயர் வரவில்லை. மற்றச் சொந்தக்காரர் மெல்ல மெல்ல 'ஆத்மா', 'சாந்தி' என்று கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு "எள்ளும் தண்ணியும் இறைச்சா நல்லது" என்று சொல்ல, தவமணி அவர் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் குடித்து முடியமுன் வாங்கிக்கொண்டு போனாள். அப்படியான வீட்டின் அடுப்பில் செத்தவர்களுக்கென்று ஒரு சாப்பாடு வைக்க முடியுமா? எனக்கென்ன விசரா?

எனவே தவமணியிடம், "வேலையில புது இனிப்பு ஒண்டு, வீட்டில செய்து பாக்கச் சொல்லியிருக்கினம்" என்றேன். வேலையில் பிர்கிட் என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினால், "வீட்டில செய்தது, என்ர மத்தியானச் சாப்பாடு" என்றேன். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் ஒருநாளும் சந்தித்ததில்லை. நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

முதல் சனிக்கிழமை சச்சிக்கோ சொன்ன சிவப்புப் பயற்றைத் தமிழ்க் கடையில் தேடினேன். கௌபி, அதுதான் தட்டைப் பயறு, இருந்தது. இதென்ன, யப்பான் பாஸ்போட் எடுத்த கௌபிதானே என்று வாங்கினேன். முதல் கொதியின் தண்ணீரை ஊற்றிவிடச் சொல்லியிருந்தார். சத்தெல்லாம் போய்விடுமே, எங்கள் ஆட்கள் பயறு அவித்த தண்ணீரை ஊற்றுவார்களா? ஊற்றவில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று சீனியை முதலிலேயே போட்டேன். மணத்துக்கு ஏலக்காயும் தட்டிப் போட்டேன். அது ஐந்து மணித்தியாலம் கொதித்தது. தவமணி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்கட வேலைகாரர் மின்சாரத்துக்கும் ஏதும் தருவினமோ?"

திங்கட்கிழமை அதைச் சச்சிக்கோவின் கையில் கொடுத்தேன். ஒரு பயற்றைப் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசித்துப் பார்த்தார். சரியாக வெந்த பயறு அதிலேயே நசிய வேண்டுமாம். என் கௌபி நசியவில்லை. விரலிலிருந்து பறந்து போய் ஜன்னல் கண்ணாடியில் 'டக்' என்று அடித்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தோம்.

"சீனியை முதல்ல போட்டனி" என்றார் மனுசி. "சீனி கண்ட பயறு பேந்து வேகாது. இதென்ன மணம், சவுக்காரமோ?"

அடுத்த கிழமை ரயில் ஏறிப் பெரிய நகரமான ஓகூசுக்குப் போய் ஆசியக் கடையில் உண்மையான அசுக்கிப் பயறும் ஒட்டரிசியும் வாங்கினேன். இந்த முறை முதல் கொதித் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். புதுத் தண்ணீரில் மெல்ல அவித்தேன், சுண்டுவிரலில் நசித்துப் பார்த்தேன், அரிதட்டில் தேய்த்துத் தோலை எடுத்தேன், துணியில் பிழிந்தேன், பிறகுதான் சீனி போட்டேன். அகப்பையால் சட்டியின் அடியில் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். நின்றது. கடலை எண்ணெய் பூசினதுபோல மினுங்கியது. கொண்டுபோனேன், பெருமையோடுதான்.

பசைதானே, அது அவர் தொண்டைக்குச் சரி. நுனி நாக்கில் வைத்தார்.

"நாதன், என்ர செத்த ஆக்களுக்குச் சலரோகமோ?"

"ஏன்?"

"சீனி காணாது. ருசி பாக்கேல்லையோ?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். மனுசி விழுந்து விழுந்து சிரித்தார். பாதி முகம்தான் சிரிக்கும், ஆனால் அந்தப் பாதி போதும்.

"நான் ருசி பாத்துத்தான் வைப்பன். அவைக்கு என்னைத் தெரியும், கோவிக்கமாட்டினம். நீயும் பார்."

"என்னால ஏலாது."

உண்மையாகவே ஏலாது. கரண்டியைத் தூக்குவேன், கை பாதியில் நின்றுவிடும். பிர்கிட்டின் சமையலறையில் ஒரு நாளைக்கு நாற்பது தரம் ருசி பார்க்கிற வாய் இது. கடைசியில் மனுசி வழி சொன்னார். காய்ந்த பயறு எவ்வளவு நிறையோ அவ்வளவு சீனி, நிறுத்துப் போடு, ஒரு சிட்டிகை உப்பு, நாக்கு தேவையில்லை. சோற்றுக்கும் கணக்குச் சொன்னார். இரண்டு பங்கு ஒட்டரிசி, ஒரு பங்கு சாதாரண அரிசி. வெந்ததும் பாதிதான் இடிக்க வேண்டும். அதற்கு யப்பானில் 'பாதி கொல்லுறது' என்று பெயராம்.

"அரைகுறையாய் இடிக்கிறது எண்டு சொல்லுவம்" என்றேன். அந்த வருடம் அந்த மற்றச் சொல்லை என் வீட்டு அடுப்படியில் நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மனுசி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு "சரி, அப்பிடியே சொல்லு" என்றார்.

மிச்சக் கிழமைகளில் அந்தக் கணக்கிலேயே செய்து பழகினேன். அந்த நாள் வந்தது. எனக்குப் பதினொரு மணிக்குத்தான் வேலை. ஒட்டரிசிச் சோறு குளிர்ப்பெட்டியில் கல்லாகிவிடும், ஆகவே அன்று காலையிலேயே செய்ய வேண்டும். பயற்றுப் பசையை முதல் நாளே காய்ச்சி வைத்திருந்தேன். காலையில் சோறு அவித்து, இடித்து, உப்புத் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து எட்டு உருண்டை பிடித்தேன். ஈரத் துணியில் பசையைப் பரப்பி, நடுவில் சோற்றை வைத்து, துணியோடு சுற்றி மூடினேன். எட்டும் ஒரே அளவில் தட்டில் வந்து இருந்தன. அவ்வளவு வடிவு. பின்னால் நின்ற தவமணிக்கும் வடிவாய்த்தான் தெரிந்திருக்கும், கையை நீட்டி ஒன்றை எடுக்கப் போனாள்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"தொடாதையப்பா! இன்னும் வைக்கேல்லை!"

சொல்லி முடிந்த பிறகுதான் என் காதிலும் விழுந்தது. தவமணி கையை எடுக்கவில்லை.

"எங்க வைக்கேல்லை?"

"வேலையில... மேசையில..."

"முப்பது வருசமாய் உங்களோட இருக்கிறன். சாமிக்கும் செத்தவைக்கும்தான் இந்தக் கதை. ஆருக்கு இது?"

"ஒரு யப்பான் மனுசி. அவவின்ர ஆக்களுக்கு."

"செத்தவைக்கு."

"ஓம்."

"என்ர அடுப்பில. ஐஞ்சு கிழமையாய்."

அவள் கத்தவில்லை. தட்டைக் கிட்ட இழுத்து முதலாவது ஓகாகியை எடுத்து ஒரு கடி கடித்தாள், தட்டிலே வைத்தாள். இரண்டாவதை எடுத்து ஒரு கடி. மூன்றாவது. ஒட்டரிசி மேல்வாயும் கீழ்வாயுமாய் ஒட்டிக்கொண்டது, அவளால் பேச முடியவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் அரைத்துக்கொண்டே இருந்தது. நான் "தவம், தவம்" என்று கொண்டு நின்றேன். எட்டையும் கடித்து முடித்து ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்த பிறகுதான் குரல் வந்தது.

"எல்லாம் எச்சில். இந்த வீட்டில சமைச்சது ஒண்டையும் ஆருக்கும் படைக்கேலாது. இப்ப கொண்டுபோய் வையுங்கோ பாப்பம்!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெறுங்கையோடு சைக்கிளில் போனேன். அந்தத் திங்கட்கிழமை சச்சிக்கோவின் எடை நாற்பத்தொன்று. அடுத்த கிழமை குழாய் போடுவதாக எழுதியிருந்தார்கள். வேறு வழி தெரியவில்லை, நேரே பிர்கிட்டின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொய், பெட்டி, கௌபி, ஜன்னல், எட்டுக் கடி, எல்லாம்.

"நோ" என்றார். "எத்தினை கிழமை?"

"ஐஞ்சு."

"ஐஞ்சு கிழமை என்ர நடைபாதையால திகதி எழுதாத பெட்டி போயிருக்கு."

அவருக்கு அதுதான் கோபம். பொய்யை மன்னிப்பார், லேபல் ஒட்டாததை மன்னிக்கமாட்டார். அவர் போய்க் கை கழுவினார், முழங்கைவரைக்கும்.

"முதல் நாளே சொல்லியிருந்தா முதல் கிழமையே செய்திருப்பன். முப்பது வருசமாய்ச் சோத்துக்கஞ்சி காய்ச்சுறன், இதென்ன பெரிய வேலை? கஞ்சி அரிசியை எடு."

டேனிஷ்காரர் பாற்கஞ்சி காய்ச்சுகிற குறுணல் அரிசியைக் குழைய அவித்தோம். பிர்கிட் அதை அரைத்தார், அரிதட்டில் இரண்டு தரம் தேய்த்தார், ஜெலற்றின் சேர்த்தார். உயிர்த்த ஞாயிறுக்கு முட்டை செய்கிற அச்சில் ஊற்றிக் குளிருக்குள் வைத்தார். முட்டை அளவுதான் ஓகாகியும். சோறு தயார். பயற்றுப் பசை? அது புதிதாய்க் காய்ச்ச மூன்று மணித்தியாலம், பயறும் இல்லை. மிச்சப் பசை முழுவதும் என் வீட்டுக் குளிர்ப்பெட்டியில், தவமணியின் காவலில் இருந்தது.

போன் எடுத்தேன். ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

"தவம், வைக்காதை, கேள். அந்த மனுசி ஒரு மாதமாய்ச் சாப்பிடேல்லை. தன்ர ஆக்களுக்கு வைச்சாத்தான் சாப்பிடுவன் எண்டு கிடக்கிறா. எலும்பும் தோலுமாய்ப் போனா. அந்தப் பசை இல்லாட்டி..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. பிர்கிட் மற்றவர்களின் மத்தியானச் சாப்பாட்டை அனுப்பத் தொடங்கினார்.

முக்கால் மணித்தியாலம் கழித்துப் பின்கதவு தட்டப்பட்டது. தவமணி சைக்கிளில் வந்து, மேல்கோட்டோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கையில் எவர்சில்வர் பெட்டி. பிர்கிட் வணக்கம் சொல்லமுன் அவள் தலையில் ஒரு வலைத் தொப்பியை மாட்டினார். இரண்டாவதாகப் பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரைக் குத்தினார்.

"ஆறு பாகை" என்றார். "நல்லது." ஒரு தாளை எடுத்து எழுதிக் கையொப்பம் வைத்தார்.

தவமணி என்னைத்தான் பார்த்தாள். "சாப்பிடாமல் ஒரு சீவன் கிடக்கெண்டு ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை? இனிப்பாம், வேலையில பரீட்சையாம்! செத்தவைக்கு நான் ஒண்டும் கொண்டுவரேல்லை. அவவின்ர ஆக்களுக்கு அவ வைக்கட்டும். இது அவவுக்கு."

இரண்டு பெண்களும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே கேள்வி.

அச்சிலிருந்து சோற்றைக் கழற்றிப் பசையைப் போர்த்தினேன். தட்டைத் தூக்கினேன்.

"ருசி பாத்தாச்சோ?" என்றார் பிர்கிட்.

"இது செத்தவைக்கு. பாக்கக் கூடாது."

"என்ர வாசலால ருசி பாக்காமல் ஒண்டும் போகாது."

தவமணிக்கு டேனிஷ் விளங்கும். "இரண்டு தட்டாய் வையுங்கோ" என்றாள். "செத்தவையின்ர தட்டை ஆரும் தொடவேண்டாம். உயிரோட இருக்கிறவவின்ர தட்டை இவ ருசி பாக்கட்டும்." பிர்கிட் யோசித்தார், தலையை ஆட்டினார். இரண்டு கரண்டி எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதில் மாற்றி, வாயில் வைத்தார். தாடை அசையவில்லை. கண்ணை மூடித் திறந்தார். அன்று அவர் "நோ" சொல்லவில்லை, மூன்றாவது கரண்டி ஒன்றும் எடுத்தார்.

சச்சிக்கோ கட்டிலில் சாய்ந்திருந்தார். தட்டு நடுங்குவதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஜெலியாக்கிப் போட்டாள்" என்றார். பிறகு இடது கையால் ஒன்றைத் தொட்டு, பசையை மணந்து பார்த்தார். "பயறு சரி."

தாய், தகப்பன், புருஷன், மூன்று படங்கள் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஓகாகி வைக்கச் சொன்னார். வைத்தேன். நாலாவதைப் படம் இல்லாத ஒரு வெறும் இடத்தில் வைக்கச் சொன்னார்.

"இது ஆருக்கு?" என்று கேட்டவள் தவமணி.

"தம்பி. எங்கட சண்டை முடிஞ்ச வருசம். ஊர் எரியேக்க அம்மாவின்ர கையை விட்டிட்டான். ஐஞ்சு வயசு."

"கண்டுபிடிக்கேல்லையோ?"

"இல்லை. அவனுக்கு வைக்க அம்மா விடேல்லை. அவ சாகுமட்டும் அந்தத் தட்டு எங்கட வீட்டில இல்லை. முப்பத்தொரு வருசம். அவ போனாப் பிறகுதான் நான் வைச்சன். நான் அக்கா, எனக்கு அவன் அங்க பசியோட நிக்கிற மாதிரியே கிடந்தது."

"நானும் அக்காதான்" என்றாள் தவமணி. அவளுடைய டேனிஷ் உடைந்த டேனிஷ், அன்றைக்கு இன்னும் உடைந்தது. "நான் வைக்கமாட்டன்."

சச்சிக்கோ அவளுடைய முகத்தைப் பார்த்தார். யார், எங்கே, எப்போது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"வையாதை" என்றார்.

இன்றுவரைக்கும் அவள் வைக்கவில்லை. யோகனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

சச்சிக்கோ இடது கையை மட்டும் நெஞ்சுக்கு முன்னால் உயர்த்தி, தலை குனிந்து, ஏதோ முணுமுணுத்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பிர்கிட் வாசலில், மரச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நின்றார். தவமணி மற்றத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். கரண்டியில் சோறும் பயறுமாய்க் கொஞ்சம் எடுத்தாள்.

"உங்கட ஆக்கள் சாப்பிட்டு முடிஞ்சுதோ?"

சச்சிக்கோ படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கொஞ்சம் பொறு. என்ர மனுசன் ஆறுதலாய்த்தான் சாப்பிடுவார்."

பொறுத்தோம். நாலு பேரும் அந்தச் செத்த மனுசன் சாப்பிட்டு முடியும்வரைக்கும் பேசாமல் இருந்தோம்.

"ஓம், முடிஞ்சுது" என்று சொல்லி, சச்சிக்கோ வாயைத் திறந்தார்.